காலத்தைக் கொண்டு இசையமைத்தவர்: ஜான் மெக்லாஃப்லினின் கலைப்பயணம்

(இசைத்துறை ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். உரைக்கிடையே ஒலிக்கவிட்ட பதிவுகளுக்கு ஈடாகச் சில விளக்கங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. நேரம் கருதி மேடையில் சுருக்கிச் சொன்ன இரண்டு பகுதிகள் இங்கே விரிவாக உள்ளன.)



மிருதங்கத்தின் பெயரால் நடக்கும் சொற்பொழிவுக்கு ஒரு ஜாஸ் கிதார்க் கலைஞரைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். தலைப்பைச் சொன்னபோது ஏற்பாட்டாளர்கள் தடை சொல்லவில்லை. அதற்கு முதலில் நன்றி. நான் மிருதங்கம் பயின்றவன். ஜாஸைப் பிறகுதான், அதுவும் பெரும்பாலும் இசைத்தட்டுகளின் வழியாகவே கற்றேன். ஆகவே இன்று பேசப்போவதும் தாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட ஒருவனின் பேச்சுத்தான்.

ஜான் மெக்லாஃப்லினைப் பற்றித் தமிழில் எழுதும்போது அவர் நம் ராகங்களை மேற்கே கொண்டு சென்றார் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. மேற்கத்திய இசை விமர்சகர்களோ அவருடைய வேகத்தைப் பற்றி எழுதுகிறார்கள். சிலர் வியக்கிறார்கள், சிலர் சலித்துக்கொள்கிறார்கள். இரு தரப்பாரும் அவரது படைப்பின் நடுவிடத்தைத் தொடாமல் போகிறார்கள் என்பது என் எண்ணம். அவர் காலத்தைக் கொண்டு இசையமைப்பவர். எத்தனை எண்ணிக்கையில் ஒரு சுற்று அமைகிறது, அதை எப்படி வகுப்பது, எங்கே விலகி எங்கே வந்து சேர்வது என்ற கேள்விகளிலிருந்துதான் அவருடைய இசை பிறக்கிறது. அந்தத் தேடல் அவருக்கு இளமையிலேயே இருந்தது. அதற்கு ஓர் இலக்கணம் நம்முடைய லய மரபிலிருந்து கிடைத்தது. இதை நிறுவ முயல்வதே இந்த உரை.

1. தொடக்கம்

மெக்லாஃப்லின் 1942 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் டொன்காஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். தாயார் வயலின் வாசிப்பவர். சிறுவயதில் பியானோ, பதினோரு வயதில் கிதார். முதலில் ஈர்த்தது அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ். பிறகு ஸ்பெயினின் ஃப்ளமென்கோ, பிறகு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிதார், பிறகு மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் என்று காது விரிந்துகொண்டே போனது. 1960களில் லண்டனில் ஒலிப்பதிவுக் கூடங்களில் கூலிக்கு வாசித்துப் பிழைத்தார். 1969இன் தொடக்கத்தில் தம் பெயரில் முதல் இசைத்தட்டான 'எக்ஸ்ட்ராபொலேஷன்' பதிவானது. உடனே நியூயார்க் போய்விட்டார்.

போன காரணம்தான் முக்கியம். அவரை அழைத்தவர் டோனி வில்லியம்ஸ். பதினேழு வயதிலேயே மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்த டிரம்ஸ் மேதை. தம் புதிய 'லைஃப்டைம்' குழுவுக்கு ஒரு கிதார்க்காரர் வேண்டும் என்று மெக்லாஃப்லினைத் தேர்ந்தெடுத்தார். பெரும்பாலான கிதார்க் கலைஞர்களின் வரலாற்றில் இன்னொரு கிதார்க்காரரோ பியானோக்காரரோதான் வழிகாட்டியாக வருவார். இவரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் ஒரு தாளக் கலைஞர். இதற்குப் பின்னாலும் பாருங்கள்: பில்லி காபம், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம், திரிலோக் குர்ட்டு, செல்வகணேஷ், ரஞ்சித் பாரோட். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அமைத்த குழுக்களின் அச்சாக எப்போதும் ஒரு லய வித்துவான் இருந்திருக்கிறார்.

2. மைல்ஸ் டேவிஸ் கழித்துக் காட்டியது

நியூயார்க் வந்த சில நாட்களிலேயே மெக்லாஃப்லின் டேவிஸின் ஒலிப்பதிவுக்குப் போனார். 1969 பிப்ரவரியில் பதிவான அந்த இசைத்தட்டுதான் 'இன் எ சைலண்ட் வே'. தலைப்புப் பாடலை எழுதியவர் ஜோ ஜாவினுல். அதில் சுரக்கூட்டுகள் (கார்டுகள்) நிறைய இருந்தன. டேவிஸ் அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு ஒரே ஆதார ஒலியின்மேல் மெட்டை மட்டும் நிறுத்தினார். கிதாரே வாசிக்கத் தெரியாதவர்போல வாசி என்று டேவிஸ் தம்மிடம் சொன்னதை மெக்லாஃப்லின் பல நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். பதிவின் தொடக்கத்தில் அவர் அப்படித்தான் வாசிக்கிறார். ஒரு தந்தி, ஒரு நரம்பதிர்வு, பிறகு காத்திருப்பு.

இது ஏன் பெரிய செய்தி? அக்கால ஜாஸில் கலைஞரின் கற்பனை சுரக்கூட்டுகளின் சுழற்சியைப் பற்றிக்கொண்டு ஓடும். பன்னிரண்டு பட்டிகள் (பார்கள்) கொண்ட புளூஸ், முப்பத்திரண்டு பட்டிகள் கொண்ட பாட்டு என்று வடிவங்கள் உண்டு. சுரக்கூட்டு மாறும் இடத்தை வைத்துத்தான் கேட்பவர் நாம் எங்கே இருக்கிறோம் என்று அறிவார். அந்தச் சுழற்சியை எடுத்துவிட்டால் வழிகாட்டிக் கற்கள் போய்விடும். சுருதி ஒன்று நிற்கும், காலம் ஒன்று ஓடும். வேறொன்றும் இருக்காது. நமக்கு அது பிறந்ததிலிருந்து பழகிய நிலை. இருபத்தேழு வயது ஆங்கிலேயருக்கு அது புதிய வெளி. அந்த வெளியில் எதை வைத்துக் கட்டடம் எழுப்புவது என்ற கேள்வி அவருக்கு அங்கே எழுந்திருக்க வேண்டும். அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் அவர் செய்தவற்றைப் பார்த்துத்தான் இப்படிச் சொல்கிறேன்.

டேவிஸின் அடுத்த பெரிய இசைத்தட்டான 'பிட்சஸ் ப்ரூ'வில் ஒரு துண்டுக்கு 'ஜான் மெக்லாஃப்லின்' என்றே தலைப்பு. குழுவுக்கு வெளியிலிருந்து வந்த இளைஞருக்குக் கிடைத்த மரியாதை அது.

3. பத்தும் இருபதும்

1971இல் அவர் தொடங்கிய 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா'வைப் பலரும் பேரொலிக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். பனாமாவில் பிறந்த பில்லி காபம், பிராகிலிருந்து வந்த யான் ஹாமர், சிகாகோவின் ஜெரி குட்மன், அயர்லாந்தின் ரிக் லெயர்ட், நடுவில் வெள்ளுடையும் இரட்டைக்கழுத்துக் கிதாருமாக மெக்லாஃப்லின். அப்போது அவர் ஸ்ரீ சின்மயின் சீடர். மகாவிஷ்ணு என்பது குரு இட்ட பெயர். அந்த ஆன்மிக வரலாறு தனி உரைக்கு உரியது, இங்கே விட்டுவிடுகிறேன்.

அக்குழுவின் முதல் இசைத்தட்டில் உள்ள 'தி டான்ஸ் ஆஃப் மாயா'வைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். தொடக்கத்தில் கிதார் சுரக்கூட்டுகளைப் பிரித்துப் பிரித்து மீட்டுகிறது. ஒரு சுற்றுக்குப் பத்து எண்ணிக்கை. கேட்பவருக்கு ஏதோ ஒன்று எப்போதும் தடுக்கிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். சிறிது நேரம் கழித்து அது நின்று, துள்ளலான ஒரு புளூஸ் வருகிறது. அப்பாடா, பழகிய இடத்துக்கு வந்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் கைவிரலில் எண்ணினால் அந்த புளூஸ் இருபது எண்ணிக்கையில் ஓடுகிறது. கடைசியில் முதலில் வந்த மெட்டு திரும்பி வந்து புளூஸின்மேலேயே ஏறி உட்காருகிறது. பத்தின் இரண்டு சுற்றும் இருபதின் ஒரு சுற்றும் ஒரே இடத்தில் முடிகின்றன. இரண்டு வேறு உலகங்களாகக் கேட்டவை முதலிலிருந்தே ஒரே கணக்கின் இரண்டு முகங்கள் என்று அப்போதுதான் தெரிகிறது.

ஜாஸில் ஒற்றைப்படை எண்ணிக்கைகள் இவருக்கு முன்பே உண்டு. டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் அமைந்தது, 1959இல் வெளிவந்தது. அங்கே ஐந்து என்பது பாட்டு நடக்கும் தரை. மெக்லாஃப்லினிடம் எண்ணிக்கை கதைப்போக்காகிறது. அது மறைந்து நிற்கிறது, பிறகு வெளிப்படுகிறது, முடிவில் இணைகிறது. தனி ஆவர்த்தனத்தில் ஒரு கோர்வை எங்கே போகிறது என்று புரியாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சமத்தில், அதாவது தாளச் சுற்றின் தொடக்கத்தில், வந்து விழும்போது நிமிர்ந்து உட்காருவோமே, அதே அனுபவம். 1973இல் வந்த இரண்டாம் இசைத்தட்டின் தலைப்புப் பாடலான 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' பதினெட்டு எண்ணிக்கை. அதைக் கேட்டுத் தாளம் போட முயன்று பாருங்கள்.

இவையெல்லாம் அவர் நம் லய முறையை ஆழ்ந்து கற்பதற்கு முந்தியவை, அல்லது கற்கத் தொடங்கிய காலத்தவை. இதை அழுத்திச் சொல்கிறேன். கணக்கின்மீது ஆசையை நாம் அவருக்குக் கொடுக்கவில்லை. அதோடுதான் அவர் வந்தார்.

4. வீணை வகுப்பு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் இருக்கிறது. கர்நாடக இசையை முறையாகக் கற்பித்த மேலைப் பல்கலைக்கழகங்களில் அது முன்னணியில் நின்றது. அங்கே டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாஃப்லின் வீணை கற்றார். இத்துறையில் பயில்பவர்களுக்கு ராமநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகார இசையை ஆராய்ந்தவர், எண்ணற்ற பாடாந்தரங்களைத் தம் குரலில் சேமித்து வைத்திருந்தவர். உலகெங்கும் அரங்குகளை நிறைத்துக்கொண்டிருந்த ஒரு மின்கிதார் நட்சத்திரம் அவர்முன் தொடக்க மாணவராக உட்கார்ந்தார். மிருதங்க வித்துவான் ராம்நாட் ராகவனும் வயலின் எல். சங்கரும் அதே வளாகத்தில் இருந்தார்கள். அவர்கள் பின்னர் சேர்ந்து வாசித்த 'ஷக்தி' குழுவின் விதை அங்கே விழுந்தது. தபேலா மேதை ஜாகிர் உசேன் கலிபோர்னியாவிலிருந்து வந்து சேர்ந்தார்.

வீணை கற்றதால் அவர் வீணைக் கலைஞர் ஆகவில்லை, ஆக முயலவும் இல்லை. ஆனால் அவருடைய கிதார் மாறியது. சாதாரணக் கிதாரில் இரண்டு மெட்டுகளுக்கு (ஃபிரெட்) இடையே பலகை சமமாக இருக்கும். தந்தியை அழுத்தினால் விரல் மரத்தில் இடித்து நின்றுவிடும். ஷக்திக்காக ஏபிரகாம் வெக்டர் செய்துகொடுத்த கிதாரில் மெட்டுகளுக்கிடையே மரம் குடைந்தெடுக்கப்பட்டிருந்தது. விரலுக்கடியில் பள்ளம் இருப்பதால் தந்தியை ஆழ அழுத்தியும் பக்கவாட்டில் இழுத்தும் சுரத்தை அசைக்க முடியும். அதோடு வழக்கமான ஆறு தந்திகளுக்குக் கீழே, ஒலித்துளைக்குக் குறுக்கே சாய்வாக ஏழு தந்திகள் ஓடின. அவற்றைத் தேவைக்கேற்பச் சுருதி சேர்த்து வைப்பார். இசை வரி முடிந்து மூச்சு விடும் இடத்தில் கை அவற்றை வருடிக்கொண்டு போகும். தம்புராவின் வேலையை இவை ஓரளவு செய்தன.

இவ்வளவு செய்தும் கமகத்தில் அவர் நம்மவர்களைப்போல வாசித்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய அசைவுகளில் புளூஸின் இழுப்பு தெரியும். ராகத்தை அவர் பெரும்பாலும் ஒரு சுர வரிசையாகவே கையாள்கிறார். பிடிகளும் சஞ்சாரங்களும் குறைவு. பக்கத்திலேயே சங்கரின் வயலினும் பிற்காலத்தில் யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலினும் ஒலிக்கும்போது இந்த வேறுபாடு காதுக்கு நன்றாகவே படும். அவரை ராகத்தின் வழியாக அணுகினால் நமக்குப் பாதிதான் கிடைக்கும் என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இதுதான். லயத்தின் பக்கம் வாருங்கள், முழு ஆளையும் பார்க்கலாம்.

5. கொன்னக்கோல்

மாணவர்கள் கொஞ்சம் கையை எடுங்கள். ஆதி தாளத்தின் கடைசி இரண்டு திருதங்களை மட்டும் போடுவோம். நான்கு எண்ணிக்கை. ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரை, ஆக மொத்தம் பதினாறு. இதில் 'ததிகிணதொம்' என்ற ஐந்து எழுத்துச் சொல்லை மூன்று முறை சொன்னால் பதினைந்து. ஒன்று மிஞ்சுகிறது. அந்த ஒன்றை முதலில் விட்டுவிட்டு, தட்டு விழுந்த பிறகு ஒரு மாத்திரை தள்ளி எடுத்தால் மூன்றாவது 'தொம்' முடிந்த கணத்தில் சமம் வந்து நிற்கும். மிருதங்கம் பயிலும் சிறுவனுக்கு இது மிகவும் எளிய பாடம்.

இதையே மேலை இசைக்குறிப்பில் எழுதினால் பதினாறு சிறு சுரங்களின்மேல் அழுத்தக்குறிகளை இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். கலைஞர் தாளைப் பார்த்து எண்ணிக்கொண்டே வாசிப்பார். எண்ணிக்கொண்டிருப்பவரால் கற்பனை செய்ய முடியாது. 'ததிகிணதொம்' போன்ற சொற்கட்டில் அது ஒரே மூச்சாக, ஒரு பேச்சாக நாவில் உட்கார்ந்துவிடுகிறது. நாவு சொன்னதைக் கை செய்கிறது. மனம் அடுத்ததை யோசிக்கச் சும்மா இருக்கிறது. மெக்லாஃப்லின் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் தலையாயது இந்த வழிமுறை என்பேன். அதை அவர் மறைக்கவும் இல்லை. தாளச்சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலை எல்லா நாட்டு இசைமாணவர்களும் கற்க வேண்டும் என்று மேடை தோறும் சொன்னார். விநாயகராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து 'தி கேட்வே டு ரிதம்' என்ற பாடக் காணொளியையே வெளியிட்டார். அதில் அவர் கிதாரைக் கீழே வைத்துவிட்டுத் தாளம் போட்டபடி சொற்கட்டு சொல்கிறார்.

ஷக்தியின் இரண்டாவது இசைத்தட்டு 'எ ஹாண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'. 1976இல் பதிவானது. அதன் முதற்பாடல் 'லா தான்ஸ் து பொனூர்'. எந்த வாத்தியமும் இல்லாமல் குரல்களின் சொற்கட்டோடுதான் அது தொடங்குகிறது. ஒரு பெரிய அமெரிக்க நிறுவனம் உலகச் சந்தைக்கு வெளியிட்ட கிதார் இசைத்தட்டின் முதல் ஒலி நம் சொற்கட்டாக இருந்தது. அதைத் தொடர்ந்து வரும் மெட்டைக் கேளுங்கள். சொல்லாகக் கேட்டதையே கிதாரும் வயலினும் சுரமாகச் சொல்கின்றன. மெட்டுக்குத் தாளம் சேர்ப்பதுதான் எங்கும் வழக்கம். இங்கே தாளச்சொல் முதலில் பிறந்து மெட்டு அதன்மேல் வளர்கிறது. மெக்லாஃப்லின் என்ற இசையமைப்பாளரை ஒரே பதிவில் காட்டு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் போட்டுக்காட்டுவேன்.

6. ஷக்தி என்ற துணிவு

ஷக்தியின் முதல் இசைத்தட்டு 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு. அதற்குச் சற்று முன்புவரை மெக்லாஃப்லின் ராக் ரசிகர்களின் நாயகர். அதை விட்டுவிட்டு மின்சாரம் இல்லாத கிதாருடன், டிரம்ஸ் இல்லாமல், பாஸ் கிதார் இல்லாமல், மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பேரொலி தேடி வந்த ரசிகர்களில் பலர் குழம்பினார்கள். ஒரு கலைஞர் தம் புகழின் உச்சியில் இருக்கும்போது எடுத்த முடிவு இது. அவருடைய வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் தருணமும் இதுவே.

நம் தரப்பிலும் ஒரு புதுமை நடந்தது, அதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. இந்துஸ்தானி, கர்நாடக ஜுகல்பந்திகள் முன்பே உண்டு. அவற்றில் பெரும்பாலும் இரண்டு முதன்மைக் கலைஞர்கள் சந்தித்துவிட்டுப் பிரிவார்கள். ஷக்தியில் தபேலாவும் கடமும் ஒரு நிரந்தரக் குழுவில் ஆண்டுக்கணக்காக அருகருகே இருந்தன. பஞ்சாப் கரானாவின் லயமும் கர்நாடக லயமும் ஒன்றையொன்று கற்றுக்கொண்டன. பக்கவாத்தியம் என்ற நிலையும் அங்கே இல்லை. கடம் வாசிப்பவருக்குக் கச்சேரியின் நடுவிடம் கிடைத்தது. கடம் வாசித்த விநாயகராமை உலகம் அறிந்ததில் இந்தக் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

குழுவின் பரிமாற்றங்களைக் கவனியுங்கள். ஜாஸில் நான்கு பட்டிகள் நீ, நான்கு பட்டிகள் நான் என்று மாறிமாறி வாசிக்கும் பழக்கம் பழையது. அதில் பங்கின் அளவு பெரும்பாலும் மாறாது. நம் குறைப்பில் பங்கு பாதியாகி, மறுபடி பாதியாகி, கடைசியில் இருவரும் ஒன்றாகிக் கோர்வைக்குள் போவார்கள். ஷக்தியில் கிதாரும் வயலினும் எதிரெதிரே உட்கார்ந்து செய்தது இந்தக் குறைப்பைத்தான். ஜாஸ் கலைஞரின் உரையாடல் பழக்கமும் நம்முடைய கணக்கும் ஒரு புள்ளியில் தாமாகவே பொருந்தின. யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று இசைத்தட்டுகளுக்குப் பிறகு 1970களின் இறுதியில் குழு கலைந்தது.

7. சிம்ஃபனியில் நேர்ந்தது

சமகால இசையமைப்பாளர் என்ற முறையில் அவர் பெரிய வாத்தியக் குழுக்களுக்கும் எழுதினார். 1974இல் 'அபோகலிப்ஸ்' வந்தது. லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா, நடத்துநர் மைக்கேல் டில்சன் தாமஸ், தயாரிப்பாளர் பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் மார்ட்டின். 1985இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்குடன் 'தி மெடிட்டரேனியன்' என்ற கிதார் கான்செர்ட்டோ அரங்கேறியது. பிறகு லண்டன் சிம்ஃபனியுடன் பதிவானது. 2003இல் 'தீவ்ஸ் அண்ட் பொயட்ஸ்' வெளிவந்தது.

இவற்றில் அழகான பக்கங்கள் உண்டு. கான்செர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதி என் மனத்துக்கு நெருக்கமானது. ஆனால் அவருடைய உயிர்நாடி இவற்றில் தளர்ந்து ஒலிக்கிறது என்பதே என் மதிப்பீடு. காரணத்தை என் மையக்கருத்தே தருகிறது. சிம்ஃபனியில் காலம் நடத்துநரின் கையில் இருக்கிறது. அவர் அதை இழுக்கலாம், நெகிழ்த்தலாம். அந்த நெகிழ்ச்சியே அம்மரபின் அழகு. மெக்லாஃப்லினின் கணக்குக்கோ குழுவில் உள்ள ஒவ்வொருவரும் காலப்பிரமாணத்தைத் தமக்குள்ளேயே பிடித்திருக்க வேண்டும். ஒருவர் சமத்தை விட்டு விலகிப் போகும்போது மற்றவர்கள் அசையாமல் அந்த இடத்தைக் காக்க வேண்டும். எண்பது பேர் ஒரு கோலைப் பார்த்து வாசிக்கும்போது அது நடக்காது. ஆகவே 'அபோகலிப்ஸ்' இசையில் தாளம் அடர்த்தியாகும் இடங்களில் ஆர்க்கெஸ்ட்ரா பின்வாங்கி நீண்ட ஒலிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, சிறுகுழு மட்டும் ஓடுகிறது. இரண்டும் மாறிமாறி வருகின்றன, கலப்பது அரிது. எழுத்தில் பெரியவை இந்தப் படைப்புகள்தான். ஆனாலும் நான்கைந்து பேர் கொண்ட குழுவிலேயே அவருடைய இசையமைப்பு முழுமை பெறுகிறது.

ஃப்ளமென்கோ மேதை பாக்கோ டி லூசியாவுடனும் அல் டி மியோலாவுடனும் அவர் வாசித்த கிதார் மூவர் கச்சேரிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1980 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் பதிவான கச்சேரி உலகப் புகழ் பெற்றது. அந்தப் பதிவை வேகப் போட்டியாகக் கேட்பவர்களே அதிகம். ஃப்ளமென்கோவின் பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்றுக்குள் வளர்ந்த ஒருவரின் பக்கத்தில் மெக்லாஃப்லின் எவ்வளவு இயல்பாக நின்றார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கும் அவரைச் சேர்த்தது காலம்.

8. வேகம் பற்றி

அவர் அளவுக்கு மீறிச் சுரங்களைக் கொட்டுகிறார் என்பது பழைய குற்றச்சாட்டு. எல்லா நேரங்களிலும் அது பொய் என்று வாதாடமாட்டேன். ஆனால் நம் காதுக்கு ஒரு வசதி உண்டு. மேற்காலம் என்பதை நாம் வேகமாகக் கேட்பதில்லை. அதே காலப்பிரமாணத்தின் இரட்டிப்பாகவோ நான்மடங்காகவோ கேட்கிறோம். அடியில் ஓடும் எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவரைக் கேளுங்கள். ஓட்டத்துக்குள் ஐந்தும் ஏழும் ஒன்பதுமாகக் கூறுகள் பிரிவது தெரியும். ஓட்டம் எங்கே இறங்கப்போகிறது என்று நீங்களே ஊகிக்கத் தொடங்குவீர்கள்.

எதிர்ச்சான்றும் இருக்கிறது. 'லோட்டஸ் ஃபீட்' என்று அவர் எழுதிய மெட்டு. மிக எளிது, மிக மெதுவானது, ஒரு குழந்தை பாடலாம். 1970களிலிருந்து அவர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறார். 1997இல் 'ரிமெம்பர் ஷக்தி'யாகக் குழு மீண்டும் கூடியபோது ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலும் அதைத் தொட்டது. பின்னர் ஸ்ரீநிவாஸின் மாண்டலினும் வாசித்தது. ஸ்ரீநிவாஸ் அதை வாசிக்கும்போது ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே விடும் கார்வையைக் கேளுங்கள். விழப்போகிறது என்று நினைக்கும் இடத்தில் விழாமல் ஒரு கணம் நிற்கும். அந்த நிறுத்தத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது. ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பர் 19 அன்று 45 வயதில் மறைந்தார். அவரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்க எனக்கு மனமில்லை. மின்மாண்டலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர், சிறுவயதிலேயே நம்மையெல்லாம் வாயடைக்கச் செய்தவர். மெக்லாஃப்லின் போன்ற மூத்த கலைஞர் அவர் பக்கம் திரும்பி, கிதாரின்மேல் கையை வைத்துக்கொண்டு, வாசிக்காமல் கேட்டபடி உட்கார்ந்திருப்பதைக் காணொளிகளில் பார்க்கலாம்.

9. பிற்காலம்

2007இல் அவர் சென்னைக்கு வந்து இந்தியக் கலைஞர்களுடன் 'ஃப்ளோட்டிங் பாயிண்ட்' இசைத்தட்டைப் பதிவுசெய்தார். அது மறுபடியும் மின்கிதார், மறுபடியும் ஜாஸ், ஆனால் தாளக்கட்டு முழுக்க இங்குள்ள பயிற்சி பெற்றவர்களுடையது. தம் 'ஃபோர்த் டைமென்ஷன்' குழுவில் ரஞ்சித் பாரோட்டைச் சேர்த்துக்கொண்டார். டிரம்ஸ் வாசித்தபடியே சொற்கட்டு சொல்பவர் அவர். அந்தக் குழு லண்டனில் ரானி ஸ்காட்ஸ் அரங்கில் வாசித்த 'மைல்ஸ் பியாண்ட்' பாடலுக்கு 2018இல் கிராமி விருது கிடைத்தது. மகாவிஷ்ணு காலத்தில் மைல்ஸ் டேவிஸுக்காக எழுதிய பாடல் அது.

2023இல் ஷக்தி 'திஸ் மொமெண்ட்' என்ற புதிய இசைத்தட்டை வெளியிட்டது. சங்கர் மகாதேவன் பாட, கணேஷ் ராஜகோபாலன் வயலின் வாசிக்க, செல்வகணேஷ் தாளம் வாசிக்க, ஜாகிர் உசேனும் மெக்லாஃப்லினும் தம் பழைய இடங்களிலேயே இருந்தார்கள். 1975இல் தந்தை விநாயகராம் உட்கார்ந்த இடத்தில் மகன் செல்வகணேஷ். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதற்கும் கிராமி கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் மறைந்தார். ஐம்பது ஆண்டுகளாக ஒருவருக்கொருவர் சமம் காட்டிய இருவரில் ஒருவர் போய்விட்டார்.

10. ஒரு கோரிக்கை

இந்தத் துறை மாணவர்களிடம் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். மெக்லாஃப்லினின் பாடல்கள் மேலை இசைக்குறிப்பில் அச்சாகியுள்ளன. அவற்றில் சுரங்கள் சரியாக இருக்கின்றன. தாளத்தின் உள்ளமைப்பு மட்டும் பட்டிகளாகவும் அழுத்தக்குறிகளாகவும் சிதறிக் கிடக்கிறது. ஷக்தியின் முதல் மூன்று இசைத்தட்டுகளையும் நம் தாளக் குறியீட்டில், சொற்கட்டோடு, எடுப்பும் கார்வையும் தெரியும்படி எழுத வேண்டும். வெளிநாட்டு ஜாஸ் மாணவருக்கும் அது பயன்படும், இங்கு மிருதங்கம் பயில்பவருக்கும் பயன்படும். கிதார் தெரிந்த மாணவர் ஒருவரும் தாளவாத்திய மாணவர் ஒருவரும் இணைந்தால் இது ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்குரிய வேலை. தொடங்குவதற்கு 'லா தான்ஸ் து பொனூர்' பாடலின் முதல் சொற்கட்டுப் பகுதி போதும். பதிவை மெதுவாக ஓட்டி, கையில் தாளம் போட்டு, முதலில் சொல்லிப் பழகிவிட்டு எழுதுங்கள். எழுதியதை எனக்கு அனுப்பினால் உங்களோடு உட்கார்ந்து வரி வரியாகச் சரிபார்க்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.